இருபத்தெட்டு விநாடி முன்னால்

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் வேலை ஏவக் கூடாது. இது அப்பா போட்ட சட்டம். அம்மாகூட அதை மீறுவதில்லை.

அந்த நேரத்தில்தான் டிவியில் கார் பந்தயத்தின் தகுதிச் சுற்று வரும். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அதில் எந்த கார் முதலில் நிற்பது, எது கடைசியில் நிற்பது என்று முடிவாவது சனிக்கிழமை. மொத்தம் இருபது கார்கள். ஒவ்வொன்றும் தனியாக ஒரு சுற்று ஓடி, எவ்வளவு நேரம் ஆனது என்று காட்ட வேண்டும். முதல் சுற்றில் மெதுவாக ஓடிய ஐந்து கார்கள் வெளியே போய்விடும். இரண்டாவது சுற்றில் இன்னும் ஐந்து. மிச்சமுள்ள பத்தும் மூன்றாவது சுற்றில் முதலிடத்துக்கு முட்டி மோதும்.

அப்பா பஸ் டிரைவர். வாரம் முழுக்க நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதவர். சனிக்கிழமை மட்டும் சோபாவில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டே இருப்பார். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை அவருக்கு லீவு. அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. பந்தயம் தொடங்கும் முன் நாங்கள் நால்வரும் ஆளுக்கு ஒரு காரைத் தேர்ந்தெடுப்போம். யாருடைய கார் முதலில் வெளியே போகிறதோ அவர் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். எனக்கும் பாத்திரத்துக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு. எதைச் சொன்னாலும் "ஒரு நொடி இருங்க" என்பேனாம். அதனால் அண்ணன் எனக்கு 'நொடி' என்று பெயர் வைத்துவிட்டான். அதுவே ஒட்டிக்கொண்டது. டிவி காட்டும் நேரத்தை நான் நம்ப மாட்டேன். அண்ணனுடைய ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்து, நானே அழுத்தி, நோட்டில் எழுதிக்கொள்வேன்.

சோபாவில் பாதியை அண்ணனின் கால்கள் எடுத்துக்கொள்ளும். அதனால் நான் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவேன். அந்தச் சுவர்தான் ஒரு சனிக்கிழமை என் முதுகில் தட்டியது.

டொம்.

ஒரே ஒரு தட்டு. மெதுவாகத்தான். நான் திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர். கொஞ்ச நேரத்தில் டிவியில் ஒரு சிவப்பு கார் எல்லாரையும் முந்தி முதலிடத்துக்கு வந்தது. அப்பாவும் அண்ணனும் கத்தினார்கள்.

டொம். மறுபடியும் தட்டு. கொஞ்ச நேரம் கழித்து நீலக் கார் முதலிடத்துக்கு வந்தது.

டொம். இந்தத் தடவை நான் டிவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடியே இருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அப்பாவின் கூச்சல் கேட்டது. மறுபடியும் முதலிடம் மாறியிருந்தது. சுவர் ஒவ்வொரு தடவையும் முன்னாலேயே தட்டியிருந்தது. என் கைகளில் ரோமம் எழுந்து நின்றது.

அம்மாவிடம் சொன்னேன். தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்தால் அப்படித்தான் தட்டும் என்றார். அப்பாவிடம் சொன்னேன். சுவரும் பந்தயம் பார்க்கிறதா, பாவம், பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். இந்த வீட்டில் என் பேச்சு எடுபடாது.

ஆனால் இரவில் அந்தச் சுவரை ஒட்டித்தான் என் பாயைப் போடுவேன். அவர்கள் யாருக்கும் அந்தக் கஷ்டம் இல்லை.

எங்கள் கட்டடத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் படியில் ஏறினால் எங்கள் வீடு. பின்தெருவில் இருக்கும் பின்வாசல் படியில் ஏறினால், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடு. அங்கே இருந்தவர்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ச்மேன் மாமாவிடம் போய், அங்கே யாராவது குடி வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்.

"அது காலி வீடு பாப்பா," என்றார். "நேத்து மத்தியானம்கூட மேல போய்ப் பார்த்தேன். கதவுல பூட்டு தொங்குது."

நேற்று மத்தியானம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மூன்று மூன்றரை இருக்கும் என்றார். சுவர் தட்டிய அதே நேரம். அதற்குப் பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போகவே எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் தயாராக இருந்தேன். சுவர் தட்டியதும் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். டிவியில் முதலிடம் மாறியதும் மறுபடி அழுத்தினேன். இருபத்தெட்டு விநாடி.

அடுத்த தட்டு. இருபத்தெட்டு விநாடி. அதற்கடுத்ததும் இருபத்தெட்டு. என் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே எண் ஆறு தடவை இருந்தது. பயத்தில் என் கையெழுத்து மட்டும் வரவரக் கோணலாகிக்கொண்டு போனது.

பிறகு சுவர் வேறு மாதிரி தட்டியது. டொம் டொம் டொம். வேகமாக, பதறிப்போய்த் தட்டுவதுபோல் மூன்று தடவை.

டிவியில் எதுவும் ஆகவில்லை. மஞ்சள் கார் ஒன்று அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். இருபது. இருபத்தைந்து. இருபத்தேழு. மஞ்சள் கார் வளைவில் சறுக்கி, சுழன்று, தடுப்புச் சுவரில் போய் மோதி நின்றது.

அப்பா பிரேக்கை அழுத்திய வேகத்தில் காலடியில் இருந்த மணை நகர்ந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகவில்லை. தானே இறங்கி, கையசைத்துக்கொண்டு நடந்து போனார். எல்லாரும் மூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் மூச்சு வரவில்லை. அது மோதப்போகிறது என்று சுவருக்குத் தெரிந்திருந்ததா? இல்லை, சுவர் தட்டியதால்தான் அது மோதியதா?

அன்றைக்கு அண்ணனிடம் மட்டும் நோட்டைக் காட்டினேன். முதலில் சிரித்தான். ஆறு இருபத்தெட்டுகளையும் எண்ணிப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"இது பேய்தான்," என்றான் மெதுவாக. "பேய்க்குக் கால் கிடையாது. அதான் சுவர்லயே மிதந்துக்கிட்டு இருக்கு."

கொஞ்ச நேரம் போர்வைக்குள் புதைந்து கிடந்தான். பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி, அடுத்த வாரம் எந்த கார் ஜெயிக்கும் என்று அதனிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றான்.

மூன்றாவது சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. மத்தியானம் மூன்று மணிக்கே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. நான் சுவரில் சாயவில்லை. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன். அப்படியும் தட்டுகள் கேட்டன. முன்பைவிடச் சத்தமாகவே கேட்டன.

இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோது அப்பாவின் போன் அடித்தது. அப்பாவின் பஸ்ஸில் வேலை செய்யும் கண்டக்டர். அவரும் பந்தயப் பைத்தியம்தான். பச்சை கார் புகைந்து நின்றுவிட்டதே என்று அவர் வருத்தப்பட்டார். அப்பா டிவியைப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பச்சை கார் புகையோடு ஓரமாக ஒதுங்கி நின்றது.

இனிமேல் தகுதிச் சுற்று முடியும் வரைக்கும் போன் பண்ணாதே என்று அப்பா அவரைத் திட்டிவிட்டு வைத்தார். நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

"அப்பா, அவருக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?"

"அவன் வீட்டுல மொட்டை மாடி ஆன்டெனா. நம்மளது இன்டர்நெட் பெட்டி. எல்லாம் நமக்கு அரை நிமிஷம் லேட்டாத்தான் வந்து சேரும்."

"மேல நேரலைன்னு போட்டிருக்கே?"

"போட்டிருக்கும். என் பஸ்லகூடத்தான் விரைவுப் பேருந்துன்னு போட்டிருக்கு," என்றார் அப்பா.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு எதிர்காலம் தெரியாது. அது எந்தக் காரையும் மோத வைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஆன்டெனா வைத்த டிவியில் இதே தகுதிச் சுற்றைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.  வெளியே பூட்டு தொங்கும் வீட்டுக்குள் உட்கார்ந்து டிவி பார்ப்பது யார்? பேய் இல்லை என்றால் அது ஓர் ஆள். ஆள் என்றால் அவர் வெளியே வர முடியாமல் உள்ளே அடைபட்டுக் கிடக்கிறார்.

அப்பாவிடம் சொன்னேன். இந்தச் சுற்று முடியட்டும் என்றார். அண்ணனைக் கூப்பிட்டேன். திடீரென்று அவனுக்குக் கால் வலி வந்துவிட்டது. இரண்டாவது சுற்றுக்கும் மூன்றாவது சுற்றுக்கும் நடுவில் எட்டு நிமிஷம் இடைவெளி விடுவார்கள். நோட்டையும் பென்சிலையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குடையைப் பிடித்தபடி நான் மட்டும் கிளம்பினேன்.

பின்தெருவில் ஓர் ஆள்கூட இல்லை. பின்வாசல் படிக்கட்டு ஈர வாடை அடித்தது. மாடிக்கு ஒரு பல்புதான். அதுவும் விட்டுவிட்டு எரிந்தது. ஐம்பத்திநான்கு படிகள். என் செருப்புச் சத்தமே வேறு யாரோ பின்னால் ஏறி வருவதுபோல் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது.

மூன்றாவது மாடிக் கதவில் பூட்டு தொங்கியது. என் கை அளவு பெரிய பூட்டு. இரண்டு மாதமாகத் தொங்கும் பூட்டில் தூசி இருக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தேன். துளிகூடத் தூசி இல்லை.

குனிந்தேன். கதவுக்குக் கீழே இரண்டு விரல் அளவு இடைவெளி. அதன் வழியாக நீல நிற வெளிச்சம் வந்தது. கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது. டிவி வெளிச்சம். ஆனால் ஒரு சத்தமும் இல்லை. ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது அந்த டிவி.

நான் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். அப்போது வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு இரண்டு கால்கள் வந்து, கதவுக்கு மறுபக்கம், என் முகத்துக்கு நேராக நின்றன.

தலை தெறிக்க ஓடினேன். குடையைக்கூட எடுக்கவில்லை. இருபது படி இறங்கிய பிறகுதான் மூளை வேலை செய்தது. கால்கள். பேய்க்குத்தான் கால் கிடையாதே. அப்படியே இருந்தாலும் பேய் சாக்ஸ் போடுமா? போட்டாலும், அந்த சாக்ஸில் ஓட்டை விழுந்து கட்டைவிரல் எட்டிப் பார்க்குமா? அதுவும் அது ரொம்பச் சின்னக் கட்டைவிரல். என்னைவிட வயதில் சிறிய யாரோ ஒருவரின் கட்டைவிரல்.

திரும்பி ஏறினேன்.  கதவருகே உட்கார்ந்து, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'நீ யார்?' என்று எழுதி, பென்சிலையும் சேர்த்து உள்ளே தள்ளினேன்.

உள்ளே பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு தாள் சரசரவென்று திரும்பி வந்தது. குண்டு குண்டான எழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

'நீங்கள் பேயா?'

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் பேய் இல்லை, என் பெயர் நொடி, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடு என்று எழுதினேன். அடுத்த கேள்வி வந்தது.

'அப்படி என்றால் எல்லாம் முடிந்த பிறகு ஏன் கத்துகிறீர்கள்?'

தாள் இன்னும் இரண்டு தடவை போய் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. உள்ளே இருப்பது ஒரு சின்னப் பெண். அவள் தன் டிவியில் ஒரு கார் முதலிடத்துக்கு வருவதைப் பார்ப்பாள். அது முடிந்து, எல்லாம் அடங்கி, அரை நிமிஷம் கழித்து, சுவருக்குள்ளிருந்து ஒரு கூட்டம் அதே காருக்காகக் கத்தும். ஒவ்வொரு தடவையும். கேட்கவே பயங்கரமாக இருந்ததாம். நாங்கள் கத்துவதற்கு முன்னால் தட்டிவிட்டால் கத்தாமல் போய்விடுவோம் என்று நினைத்து, சுவரைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். நாங்கள் எங்கே அடங்கினோம்? எங்களைப் பார்த்து அவளும், அவளைப் பார்த்து நானும் மூன்று வாரமாக நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

தாள் போய்ப் போய் வந்தது. அவள் பெயர் சுண்டு. ஏழு வயது. குடி வந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை செய்கிறார். மற்ற நாள்களில் விடியும் முன்பே இருவரும் கிளம்பி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் இவளை விடுவார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. அம்மாவுக்கு வேலை உண்டு. அதனால் வெளியே பூட்டிக்கொண்டு போவார். டிவியில் இரண்டு சேனல்தான் தெரியும். இன்னொன்றில் வானிலை. 'சத்தம் போடக் கூடாது. பேசவும் கூடாது. அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள்.

தாளில் இடம் தீர்ந்துபோய், ஓரத்தில் எழுதினேன். 'உனக்குப் பயமாக இல்லையா?'

அவள் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது.

படிக்கட்டு பல்பு அணைந்தது. கதவுக்குக் கீழே இருந்த நீல வெளிச்சமும் அணைந்தது. என் கையே எனக்குத் தெரியவில்லை. மழைச் சத்தம் மட்டும்தான். உள்ளே பென்சில் உருண்டு விழுந்தது. பிறகு ஒரு மூச்சுச் சத்தம், விட்டுவிட்டு வந்தது. அழுகிறாள். அழுவதைக்கூடச் சத்தமில்லாமல் அழப் பழகியிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

ஓடிப்போய் அப்பாவைக் கூட்டி வரலாம் என்று எழுந்தேன். எழுந்ததும் உள்ளே அந்த மூச்சு இன்னும் வேகமானது. நான் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி உட்கார்ந்து, கதவுக்குக் கீழே என் கைவிரல்களை நீட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதுவரை செய்ததிலேயே அதுதான் பயமான காரியம். அந்த இருட்டுக்குள்ளிருந்து குளிர்ந்த விரல்கள் வந்து என் விரல்களைத் தொட்டன. பிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"சுண்டு," என்றேன். "நீ பேச வேண்டாம். சத்தியம் சத்தியம்தான். நான் பேசலாம், இல்ல? நான் யாருக்கும் சத்தியம் பண்ணல."

என்ன பேசுவது என்று தெரியவில்லை. கதை எதுவும் நினைவுக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"மூணாவது சுற்று ஆரம்பிக்குது," என்றேன். "உன் கார் எது? நம்பரை விரல்ல அழுத்திச் சொல்லு."

அவள் விரல்கள் பிடியைச் சற்றுத் தளர்த்தின. பிறகு ஏழு தடவை அழுத்தினாள்.

ஏழாம் நம்பர் காரைக் கிளப்பினேன். இந்தப் படிக்கட்டையே ஓடுகளமாக்கினேன். ஐம்பத்திநான்கு படியும் நேர்ச்சாலை, மாடித் திருப்பங்கள் எல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். அப்பா மாதிரி பிரேக் அடித்தேன். டிவி அறிவிப்பாளர் மாதிரி மூச்சு விடாமல் பேசினேன். மழை பெய்கிறது, தரை வழுக்குகிறது, ஏழாம் நம்பர் இரண்டாவது மாடியில் சறுக்கி, சமாளித்து, என் குடையை இடிக்காமல் ஒதுங்கி வருகிறது. நான் ஒவ்வொரு வளைவைச் சொல்லும்போதும் அவள் விரலை அழுத்தினாள். விட்டு விட்டு வந்த மூச்சு மெல்ல ஒழுங்காகியது. ஏழாம் நம்பர் கார் முதலிடம் பிடித்துவிட்டது. அவள் இன்னொரு தடவை என்று அழுத்தினாள். மறுபடியும் ஓட்டினேன். அந்தக் கார் அன்றைக்கு எத்தனை தடவை ஜெயித்தது என்று எனக்குக் கணக்கில்லை. நான் ஸ்டாப்வாட்சை எடுத்து வரவே இல்லை.

கீழே டார்ச் வெளிச்சம் தெரிந்தது. அப்பா, அம்மா, அவர்களுக்குப் பின்னால் கால் வலி சரியாகிப்போன அண்ணன். மின்சாரம் போனதும் என்னைத் தேடியிருக்கிறார்கள். அண்ணன்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அம்மா திட்டுவதற்கு வாயைத் திறந்தார். கதவுக்குக் கீழே என் கையையும், அதைப் பிடித்திருந்த விரல்களையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது இன்னொரு காலடிச் சத்தம் படிகளில் தடதடவென்று ஏறி வந்தது. சொட்டச் சொட்ட நனைந்த ஓர் அக்கா. மின்சாரம் நின்றதும் துவைக்கிற மெஷின்களும் நின்றுவிட, அவர் வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறார். தன் வாசலில் நான்கு பேரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

சாவியை எடுத்தார். இருட்டில் அது பூட்டுக்குள் நுழையவில்லை. அப்பா டார்ச்சைப் பிடித்துக் காட்டினார். கதவு திறந்தது. சுண்டு ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அப்போதும் அவள் ஒரு சத்தமும் போடவில்லை.

"காலி வீடுன்னு நெனச்சா யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க, இவளும் பயப்பட மாட்டான்னுதான் வெளிய பூட்டினேன்," என்றார் அந்த அக்கா. "எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாதுங்க."

"ஏம்மா, உள்ள குழந்தை இருக்குறதே யாருக்கும் தெரியாதே. ஏதாவது ஆபத்துன்னா யார் வந்து திறப்பாங்க?" அம்மா கோபமாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதையே நெனச்சுக்கிட்டுத்தான் துணி அலசுறேன்." சொல்லிவிட்டு அவர் சுண்டுவை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

 பெரியவர்கள் இப்படிச் சும்மா நிற்கும்போது யாராவது ஒருவர் பேசத்தானே வேண்டும்?

"அக்கா, சனிக்கிழமை இவ எங்க வீட்டுக்கு வரட்டும்," என்றேன். "காலையிலேயே வரட்டும். எங்க அம்மாவுக்கு லீவுதான். நான் கூட இருப்பேன்."

அந்த அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, உங்களுக்கு எதற்கு வீண் தொந்தரவு என்றார். அப்பா குறுக்கே வந்தார்.

"என்ன தொந்தரவு? மூணு வாரமா எங்ககூடத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கா. நடுவுல சுவர் இருந்துச்சு, அவ்வளவுதான்."

அம்மா அந்த அக்காவின் கையிலிருந்த பூட்டை வாங்கி, வீட்டுக்குள் இருந்த மேஜைமேல் வைத்தார். இனி ஆள் இருக்கும்போது இதை வெளியே போடவே கூடாது என்று சொல்லி, அவர் சரி என்று சொல்லும் வரை அவருடைய கையை விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு சுண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாதித் தூக்கத்தில் வந்து என் பாயிலேயே மறுபடி தூங்கிப்போனாள். மூன்று மணிக்கு நாங்கள் ஐந்து பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அவளுக்கு என் பக்கத்தில் இடம். கார்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவள் பத்தொன்பதாம் நம்பரைக் காட்டினாள். அது போன வாரம் கடைசியில் வந்த கார். வேறு எடுத்துக்கொள் என்று அண்ணன் கெஞ்சினான். அவள் தலையை ஆட்டிவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இந்த வாரமாவது பாத்திரம் என் தலையில் விழாது.

அவள் பந்தயம் பார்த்த விதம்தான் எங்களை ஒரு மாதிரி ஆக்கிவிட்டது. கார் சறுக்கினால் வாயைத் திறப்பாள், சத்தம் வராது. நல்லது நடந்தால் உள்ளங்கைகள் ஒட்டாமலே கைதட்டுவாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

முதல் சுற்று முடிய ஒரு நிமிஷம் இருந்தது. பத்தொன்பதாம் நம்பர் பதினாறாவது இடத்தில் இருந்தது. அங்கேயே நின்றால் வெளியே போக வேண்டியதுதான். கடைசி முறையாக அது கிளம்பியது. அப்பா பிரேக்கை மறந்துவிட்டார். அண்ணன் தன் காரையே மறந்துவிட்டான். சுண்டு என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தாள். கார் கோட்டைத் தாண்டியது. திரையில் பதினாறு பதினைந்தாக மாறியது. பத்தொன்பது தப்பித்துவிட்டது.

சுண்டு துள்ளி எழுந்தாள். வாய் திறந்தது. பிறகு சட்டென்று மூடிக்கொண்டு, குனிந்து என் காதில் கேட்டாள். அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கத்தலாமா?"

நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார்.

"கத்து கண்ணு," என்றார்.

சுண்டு கத்தினாள். ஒரு மாதம் சேர்த்து வைத்திருந்த கத்தல். கண்ணை இறுக மூடி, கைகள் இரண்டையும் மேலே தூக்கி, மூச்சு முட்டும் வரை கத்தினாள். நிறுத்தி, ஒரு தடவை மூச்சை இழுத்து, மறுபடி கத்தினாள். சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு நாங்களும் சேர்ந்து கத்தினோம்.

அன்றைக்கு அவள் அம்மாவுக்குக் கொஞ்சம் முன்னதாகவே வேலை முடிந்திருந்தது. தெருவில் வந்துகொண்டிருக்கும்போதே அவருக்கு அது கேட்டதாம். என்னவோ ஏதோ என்று பதறி ஓடி வரப் பார்த்தாராம். கத்துவது யார், எப்படிக் கத்துகிறாள் என்று காதில் விழுந்ததும், அங்கேயே நின்று முழுசாகக் கேட்டுவிட்டு, பிறகு மெதுவாகப் படியேறி வந்தாராம்.